இரண்டாவது டேங்க் திரும்பி வருவதற்கு

சின்ன பைபர் படகில் இரண்டாவதாக ஒரு டீசல் டேங்க் வைப்பது நல்லதா, வேண்டாத வேலையா? இதுதான் இன்றைய விஷயம். கடலே இல்லாத காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்துத் தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனுக்குப் படகைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன்.

2019 நவம்பர் 29 வரைக்கும் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் கடல் இருந்தது. கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் எல்லாம் எங்கள் மாவட்டம்தான். அன்றைக்குச் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனதும் கடல் அவர்கள் பங்குக்குப் போனது. பட்டும் கோயிலும் எங்களுக்கு மிஞ்சின. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, இந்தக் கரையோரக் குப்பங்களின் நிவாரணப் பட்டியல்கள் மாதக்கணக்கில் என் மேஜைக்கு வந்துகொண்டிருந்தன. குமாஸ்தாவுக்கு எல்லாமே பத்தி பிரித்த தாள்தான். வரிசை எண், பெயர், பிறகு மூன்று பத்தி: படகு, எஞ்சின், வலை. யாருக்கு எது போயிற்று, யாருக்கு எது வந்தது என்று அந்த மூன்றில் குறிக்க வேண்டும். அந்த வேலையில் அறிமுகமான குப்பத்துக் குடும்பம் ஒன்றோடு இன்றுவரை போக்குவரத்து இருக்கிறது. படகைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவர்கள் வாசலில் உட்கார்ந்து கேட்டது. மறுபாதி, வேலையில்லாத கிழவனுக்கு இருக்கிற படிப்புப் பழக்கம்.

முதலில், தெரியாதவர்களுக்காக நிலைமையைச் சொல்கிறேன். நம் கரையில் காலையில் பார்க்கிற சின்னப் படகுகளில் பெரும்பாலானவை பைபர் படகுகள். சுனாமிக்குப் பிறகு இவை மிகவும் பெருகின. இவற்றில் இரண்டு வகை எஞ்சின் உண்டு. ஒன்று, பின்னால் தொங்குகிற அவுட்போர்டு. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். இன்னொன்று, நீண்ட தண்டின் முனையில் விசிறி வைத்த டீசல் எஞ்சின். கரையில் அதை 'லம்பார்டினி' என்றே சொல்வார்கள். இந்த இரண்டாவது வகைக்கு எஞ்சினின் தலையிலேயே சில லிட்டர் பிடிக்கிற சின்ன டேங்க் இருக்கும். ஆடு மேய்க்கப் போகிறவன் தோளில் தொங்குகிற தண்ணீர்ப் பாட்டில் மாதிரி. பக்கத்தில் போய்விட்டு வர அது போதும்.

இப்போது யாரும் பக்கத்தில் போவதில்லை. கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் வரக்கூடாது, அது நாட்டுப் படகுகளுக்கு என்று 1983-ம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் சொல்கிறது. சட்டம் அப்படிச் சொன்னாலும் அந்த 3 மைலில் மீன் காத்துக்கொண்டிருக்க வேண்டுமே. வலை காலியாக வந்தால் அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகிறார்கள். அப்படித் தள்ளித் தள்ளிப் போகிறவர்கள் எண்ணெயைக் கேனில் எடுத்துப் போகிறார்கள். 20 லிட்டர், 35 லிட்டர் கேன்கள். எந்தக் கரைக்குப் போனாலும் பார்க்கலாம். சில நேரம் பழைய சமையல் எண்ணெய் கேன், மூடிக்குப் பதில் பாலித்தீன் காகிதம் சுற்றியிருக்கும்.

இந்தக் கேனைத்தான் நான் எதிர்க்கிறேன். இரண்டாவது டேங்க் வேண்டும் என்கிற என் கட்சி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

கரையில் கேனிலிருந்து டேங்குக்கு ஊற்றுவது ஒரு வேலையே இல்லை. கடலில் அப்படியில்லை. எஞ்சினை நிறுத்தினால் படகு உடனே அலைக்குப் பக்கவாட்டாகத் திரும்பிவிடும். ஆட்டம் அப்போதுதான் அதிகம். ஒருவன் கேனைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருவன் புனலைப் பிடிக்க, தெறிக்கிற உப்புத் தண்ணீர் புனலுக்குள் விழும். டீசலைவிடத் தண்ணீர் கனமானது. அது நேரே டேங்கின் அடிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். எஞ்சினுக்கு எண்ணெய் போகிற குழாயும் அடியிலிருந்துதான் போகிறது. அரை மணி கழித்து எஞ்சின் இருமி நின்றால், 'எஞ்சின் கோளாறு' என்பார்கள். எஞ்சினில் கோளாறு இல்லை. சிந்துகிற டீசல் இன்னொரு தொல்லை. சூடான சைலன்சர் மேல் பட்டால் புகையும். அடியில் ஓடினால் படகுத் தரை வழுக்கும். அவுட்போர்டுக்காகப் பெட்ரோல் வைத்திருக்கிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். அது மேலே போய்க் கலையாமல் படகின் அடியிலேயே தேங்கும். ஒரு பீடி போதும்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல ஆசை. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே வழக்கமாக வருகிறவர்களுக்குத் தெரியும். படகோட்டுகிற பிரெஞ்சுக்காரர்கள் எஞ்சினுக்குப் பக்கத்தில் தனியாக வைக்கிற எண்ணெய் டேங்குக்கு 'நூரிஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நூரிஸ் என்றால் பிள்ளைக்குப் பால் கொடுத்து வளர்க்கிற செவிலித்தாய். நம் அகப்பாட்டுகளில் பெற்றவளை நற்றாய் என்றும் வளர்த்தவளைச் செவிலி என்றும் பிரித்துச் சொல்வார்களே, அந்தச் செவிலி. பெற்ற தாயிடம் பால் வற்றினாலும் பிள்ளை பட்டினி கிடக்கக் கூடாது என்பதற்காக இருப்பவள். எண்ணெய் தீர்ந்து வண்டி நிற்பதற்கும் அவர்களிடம் ஒரு பேச்சு உண்டு: 'பான் சேஷ்', வறண்டுபோய் நிற்பது. சாலையில் வறண்டு நின்றால் கேலி செய்வார்கள். கடலில் வறண்டு நிற்கிறவனைக் கேலி செய்யப் பக்கத்தில் ஆள் இருக்காது.

வங்கக் கடலில் வறண்டு நின்றால் என்ன ஆகும்? நம் கரையோர நீரோட்டம் ஆண்டு முழுவதும் ஒரே பக்கம் ஓடுவதில்லை. பிப்ரவரி, மார்ச் வாக்கில் வடக்கே ஓடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கே ஓடும். மழைக்காலத்தில் எஞ்சின் நின்ற படகு தெற்கே நகரத் தொடங்கும். தெற்கே என்ன இருக்கிறது என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும்: எல்லைக் கோடு, அதற்கு அப்பால் இலங்கை. 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் வந்தபோது குமரி மாவட்டத்துப் படகுகளில் பல லட்சத்தீவு, மகாராஷ்டிரம், குஜராத் என்று போய் ஒதுங்கின. பலர் திரும்பவே இல்லை. அது புயல், எண்ணெய் தீர்ந்ததால் வந்தது அல்ல. ஆனால் கடலில் ஒரு படகு எவ்வளவு தூரம் போய்விடும் என்பதை அந்த டிசம்பர் நமக்குக் காட்டியது.

இப்போது நான் சொன்ன குடும்பத்துக்கு வருகிறேன். பெரியவருக்கு என் வயது. கட்டுமரத்தில் தொழில் கற்றவர். இப்போது கடலுக்குப் போவதில்லை, கரையில் வலை பார்க்கிறார். மகன் படகை எடுத்துப் போகிறான். அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். போன ஆண்டு அவன் படகுக்கு 60 லிட்டர் டேங்க் ஒன்று வைக்கப் போகிறேன் என்றான். அப்பா கூடாது என்றார். நான் போயிருந்த அன்று என்னைப் பஞ்சாயத்துக்கு உட்கார வைத்துவிட்டார்கள்.

"சார், கேனு இருந்தா ஒவ்வொரு தரம் ஊத்தும்போதும் எவ்ளோ மிச்சம்னு கண்ணுக்குத் தெரியும். கொஞ்சம் பயம் இருக்கும். டேங்கு வெச்சுட்டா இவன் இன்னும் அஞ்சு மைலு தள்ளிப் போவான். அவ்ளோதான்," என்றார் பெரியவர்.

மகன் சத்தம் போடவில்லை. "கிட்டக்க மீனு இருந்தா நான் ஏன் சார் தள்ளிப் போறேன்? டேங்கு வெக்காட்டியும் போவத்தான் போறேன். கேன்ல போறதுக்கு டேங்க்ல போறது மேலு இல்லியா?" என்றான்.

இரண்டு பேர் சொன்னதும் சரி. அதுதான் இந்த விஷயத்தின் சிக்கல். டேங்க் பாதுகாப்பும்தான், ஆசையும்தான். ஒரே பொருள் இரண்டுக்கும் பயன்படும். எது என்பது எண்ணெயை எப்படிக் கணக்குப் பண்ணுகிறோம் என்பதில் இருக்கிறது. எனக்குக் கணக்குதான் தெரியும் என்பதால் அந்த வாசலில் போட்ட கணக்கையே இங்கும் போடுகிறேன்.

சின்ன டீசல் எஞ்சின் முழு வேகத்தில் ஓடினால், ஒரு குதிரைத் திறனுக்கு மணிக்குக் கால் லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 10 குதிரைத் திறன் என்றால் மணிக்கு இரண்டரை லிட்டர். அசையாத தண்ணீரில் படகு மணிக்கு 6 கடல் மைல் போகிறது என்போம். (ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்.) 18 மைல் போக 3 மணி, திரும்ப 3 மணி. போக ஏழரை லிட்டர், வர ஏழரை லிட்டர். மொத்தம் 15 லிட்டர்.

இப்போது காற்றும் நீரோட்டமும் சேர்ந்து மணிக்கு 2 மைல் போகிற பக்கமே தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது 8 மைல் வேகம். இரண்டே கால் மணியில் போய்விடலாம். செலவு ஐந்தரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல். மனசு குளிரும். திரும்பும்போது வேகம் 4 மைல். நாலரை மணி ஆகும். செலவு பதினொன்றே கால் லிட்டர். அதாவது போனதற்கு ஆனதைப் போல இரண்டு மடங்கு. மீன் நிறையக் கிடைத்திருந்தால் பாரம் வேறு. 'போனதுக்கு ஆன எண்ணெய் வர்றதுக்கும் போதும்' என்று நினைக்கிறவன் பாதி வழியில் நிற்பான். அதுவும் நல்ல மீன் கிடைத்த நாளில் நிற்பான்.

இதனால்தான் படகோட்டுகிறவர்கள் மத்தியில் உலகம் முழுக்க ஒரு பழைய விதி உண்டு. எண்ணெயை மூன்றாகப் பிரி. ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடாமல் இருக்க. கேனில் இந்த விதி நிற்காது. கேன் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். எது தொடக்கூடாத கேன் என்பது ஆசை வந்தால் மறந்துபோகும். தனி டேங்க், தனி குழாய், நடுவில் கையால் திருப்புகிற வால்வு என்று இருந்தால் மறக்க முடியாது. அந்த வால்வைத் திருப்புகிற கை, 'இனிமேல் வீட்டுக்கு' என்று தெரிந்தே திருப்ப வேண்டும். பழைய ஸ்கூட்டரில் 'ரிசர்வ்' என்று ஒரு திருப்பு இருந்ததே, அந்தத் தலைமுறைக்கு நான் சொல்வது புரியும். ரிசர்வில் விழுந்த பிறகு யாரும் மாமியார் வீட்டைப் பார்க்க வண்டியைத் திருப்பியதில்லை. நேரே பெட்ரோல் பங்க்தான்.

ஆகவே என் தீர்ப்பு: டேங்க் வைக்கலாம், வைக்க வேண்டும். ஆனால் இரண்டாவது டேங்க் தூரம் போவதற்கு அல்ல, திரும்பி வருவதற்கு. பெரிய டேங்கை எஞ்சினோடு நேரே இணைத்து முழுவதையும் குடிக்க விட்டால், பெரியவர் பயந்தது நடக்கும். முதல் டேங்கில் போய் வருகிற கணக்கு முடிய வேண்டும். இரண்டாவதில் இருப்பது கடலுக்குச் சொந்தமில்லை, அந்த இரண்டு பெண் குழந்தைகளுக்குச் சொந்தம்.

வைப்பதிலும் வகை உண்டு. நம் ஆட்கள் கைத்திறனில் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் கரையில் நடக்கிற சில வேலைகளைப் பார்த்தால் வயிறு கலங்கும். டேங்கை உயரத்தில் பலகை அடித்து வைக்கிறார்கள். எண்ணெய் தானாக எஞ்சினுக்கு இறங்கும், பம்ப் செலவு மிச்சம் என்று. 60 லிட்டர் டீசல் 50 கிலோ. ஒரு ஆளைப் பலகை மேல் நிற்க வைத்தே கடலுக்குப் போகிற மாதிரி. படகு ஒருபக்கம் சாய்ந்தால் அவர் இன்னும் சாய்ப்பார். டேங்க் கீழே, நடுக்கோட்டில், எஞ்சினுக்கு முன்னால் இருக்க வேண்டும். எண்ணெயை மேலே ஏற்ற ஒரு கைப்பம்ப் போதும்.

கீழே இடம் இல்லை என்று சிலர் படகின் மூடிய அறையை வெட்டுகிறார்கள். பல பைபர் படகுகளில் அந்த அறைக்குள் தெர்மோகோல் மாதிரி நுரை அடைத்திருப்பார்கள். படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் மிதக்க வைப்பது அதுதான். அதை வெட்டி எண்ணெய்க்கு இடம் பண்ணுவது, குடையைக் கிழித்துப் பை தைக்கிற வேலை.

பாதி நிரம்பிய டேங்குக்குள் எண்ணெய் சும்மா இருக்காது. தண்ணீர் லாரி வளைவில் திரும்பும்போது பார்த்திருப்பீர்கள். லாரி நின்ற பிறகும் உள்ளே தண்ணீர் நிற்பதில்லை. படகு சாயும்போது எண்ணெயும் அந்தப் பக்கம் ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் லாரி டேங்குக்குள் ஓட்டை போட்ட தடுப்புத் தகடுகள் வைக்கிறார்கள். படகு டேங்குக்கும் அது வேண்டும். அகலமான ஒரு டேங்கைவிடக் குறுகலான டேங்க் நல்லது.

மூடியில் காற்றுப் போக வழி வேண்டும். எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் குடுகுடு என்று திணறி வரும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டதும் சீராக வரும். இது நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த விஞ்ஞானம். காற்றுக் குழாய் இல்லாத டேங்கில் எண்ணெய் இருக்கும், எஞ்சினுக்கு வராது. அந்தக் குழாயின் வாய் உயரத்தில், கீழே பார்த்து வளைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றுக்குப் பதில் அலை உள்ளே போகும்.

பொருளும் முக்கியம். நாகத் தகடு, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு, தண்ணீருக்கு நல்லது, டீசலுக்கு ஆகாது. துத்தநாகம் டீசலோடு சேர்ந்து பிசுபிசுப்பாகி, எஞ்சினின் நுண்ணிய துளைகளை அடைக்கும். எண்ணெய்க்கென்றே செய்த பிளாஸ்டிக் டேங்க் அல்லது துருப்பிடிக்காத எஃகு நல்லது. குழாயும் அப்படியே. தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ஓஸை மாட்டுகிறார்கள். டீசலில் ஊறினால் அது சில மாதத்தில் விறைத்து வெடித்துவிடும். எண்ணெய் எடுக்கிற குழாய் டேங்கின் அடியிலிருந்து ஒரு விரற்கடை மேலே நிற்க வேண்டும். அடியில் சேர்கிற தண்ணீரை வாரம் ஒருமுறை வடிக்கத் தனித் திருகு வேண்டும். நடுவில் தண்ணீர் பிரிக்கிற பில்டர் வேண்டும்.

இன்னொன்று, டீசல் எஞ்சினுக்கே உரியது. முதல் டேங்க் சுத்தமாக வறண்ட பிறகு வால்வைத் திருப்பலாம் என்று இருக்கக் கூடாது. டீசல் எஞ்சின் ஒருமுறை காற்றை இழுத்துவிட்டால், குழாயில் இருக்கிற காற்றை வெளியேற்றாமல் திரும்பக் கிளம்பாது. இருட்டில், ஆடுகிற படகில், ஸ்பானர் வைத்து திருகாணியைத் தளர்த்திக் காற்று எடுக்கிற வேலை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வறள்வதற்கு முன்பே திருப்ப வேண்டும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுப் பெரியவர் ஒன்று சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. "எங்க காலத்துல டேங்கு ஏது சார்? பாய் இருந்துச்சு. காத்து தீந்து போவுமா?" யோசித்துப் பார்த்தால் உண்மை. கட்டுமரத்துக்குப் பாய்தான் இரண்டாவது டேங்க். அதுவே முதல் டேங்கும். எஞ்சின் வந்ததும் பாயைச் சுருட்டினார்கள். கொஞ்ச நாளில் பாய்மரம் நடுகிற குழியே இல்லாத படகுகள் வந்தன. பைபர் படகைத் துடுப்பு போட்டு நெடுந்தூரம் தள்ளவும் முடியாது. ஆக, எஞ்சின் நின்றால் ஊர் திரும்ப வேறு வழியே இல்லாத படகை நாம் கொடுத்திருக்கிறோம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979 முதல் நடந்த வங்காள விரிகுடா மீன்வளத் திட்டம் நம் கரைக்கேற்ற சின்னப் படகுகளை வடிவமைத்துப் பார்த்தது. சிறுபடகுப் பாதுகாப்புக்குப் படம் போட்ட கையேடும் வெளியிட்டது. படித்தவர்கள் அக்கறைப்படாமல் இல்லை. அந்த அக்கறை கொடுக்கிற பட்டியலில் ஒரு பத்தியாக மாறுவதில்தான் தாமதம்.

இங்கேதான் அரசாங்கம் வருகிறது. நான் அரசாங்கத்தில் சம்பளம் வாங்கி, இன்று பென்ஷன் வாங்குகிறவன். திட்டுவது என் நோக்கமில்லை. ஒரு கணக்கை மட்டும் காட்டுகிறேன். எஞ்சின் பொருத்திய நாட்டுப் படகுக்கு ஆண்டுக்கு 4,000 லிட்டர் வரிவிலக்கு டீசல் தமிழக அரசு கொடுத்து வந்தது. 2023-ல் அதை 4,400 லிட்டராக உயர்த்தியது. நல்ல காரியம். ஆண்டில் 220 நாள் தொழில் என்று வைத்தால் நாளுக்கு 20 லிட்டர். அதாவது ஒரு சின்னப் படகு நாளுக்கு 20 லிட்டர் எரிக்கும் என்பதை அரசே ஒப்புக்கொண்டு எண்ணெய் கொடுக்கிறது. அந்த 20 லிட்டரைப் படகில் எங்கே வைப்பது? எஞ்சின் தலையில் இருக்கிற சில லிட்டர் டேங்கிலா? மிச்சம் கேனில்தான் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் எழுதுவதில்லை.

இப்போது படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்துகிறார்கள். ஒரு லட்சம் படகுகளுக்கு, 364 கோடி ரூபாயில், 2024 ஆகஸ்டில் மத்திய அரசு தொடங்கிய திட்டம். படகு எங்கே இருக்கிறது என்று கரைக்குத் தெரியும். புயல் எச்சரிக்கை படகுக்குப் போகும். இதையும் வரவேற்கிறேன். ஆனால் 'புயல் வருகிறது, திரும்பு' என்று செய்தி வந்தவுடன் திரும்ப எண்ணெய் வேண்டும் அல்லவா? செய்தி மட்டும் போய்ச் சேர்ந்து, வறண்ட டேங்கோடு அதைப் படித்துக்கொண்டிருப்பவனை நினைத்துப் பாருங்கள்.

பழக்க தோஷம், குறிப்புரை மாதிரியே எழுதிவிடுகிறேன்:

1. எஞ்சினுக்கு மானியம் கொடுக்கும்போது, வால்வு, காற்றுக் குழாய், தண்ணீர் பில்டர் உள்ள ரிசர்வ் டேங்கையும் சேர்த்தே கொடுக்கலாம். எஞ்சின் விலையோடு பார்த்தால் இது சிறு தொகை.

2. புதிய பைபர் படகு கட்டும்போதே டேங்குக்கு இடம் விட்டுக் கட்டச் சொல்லலாம். பிறகு நுரை அறையை வெட்ட வேண்டியிருக்காது.

3. பழைய படகுகளுக்கு, கரையில் வேலை செய்கிற மெக்கானிக்குகளுக்கு இரண்டு நாள் பயிற்சி போதும். அவர்களை ஒதுக்கிவிட்டுச் செய்கிற எந்தத் திட்டமும் காகிதத்திலேயே நிற்கும்.

4. பாதுகாப்புக் கருவிகள் கொடுக்கிற திட்டத்தில் ஒரு சின்னப் பாயும் சேரட்டும். பெரியவர் சொன்னது வீண்போக வேண்டாம்.

'இதெல்லாம் வைத்தால் இன்னும் தூரம் போய் எல்லை தாண்டுவார்கள்' என்று அதிகாரிகள் சிலர் சொல்வார்கள். பெரியவர் சொன்ன அதே பயம்தான். ஆனால் எண்ணெயைக் கொடுக்காமல் வைத்துத் தூரத்தைக் குறைக்க முடியாது. கேனில் எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம். இன்றைக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். தூரத்தைக் குறைக்க வேண்டுமானால் அந்த 3 மைலைச் சட்டத்தில் இருக்கிறபடி காப்பாற்றிக் கொடுக்க வேண்டும். அது வேறு துறை, வேறு கட்டுரை.

பட்டு நெய்கிறவனுக்கு நூல் அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம். தறி அங்கேயேதான் நிற்கும். கடலில் அப்படி நிறுத்தி வைக்க முடியாது. நின்ற படகு நின்ற இடத்தில் இருப்பதில்லை. அதனால்தான் கடல் தொழிலுக்கு ரிசர்வ் என்பது வசதி அல்ல, தொழிற்கருவியே.

பஞ்சாயத்து என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மகன் 60 லிட்டரை விட்டுவிட்டு 25 லிட்டர் டேங்க் வைத்தான். நடுக்கோட்டில், கீழே, வால்வோடு. வால்வுக்கு அப்பா சிவப்புப் பெயிண்ட் அடித்தார். மாதம் ஒருமுறை அந்த எண்ணெயை எடுத்து முதல் டேங்கில் விட்டுப் புது எண்ணெய் நிரப்புகிறார்கள், பழசாகிப் போகாமல் இருக்க. தொழில் முடிந்து வந்ததும் பெரியவர் முதலில் மீனைப் பார்ப்பதில்லையாம், வால்வைத்தான் பார்க்கிறாராம். மருமகள் சொல்லிச் சிரித்தாள்.

கரையில் உறவோ நட்போ இருக்கிறவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள். கடலில் ஆபத்தென்றால் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணையும் குறித்துக் கொடுங்கள். ஆனால் அந்த எண்ணுக்குப் போன் போடுகிற நிலை வராமல் பார்த்துக்கொள்வது டேங்கிலும் வால்விலும் இருக்கிறது. பட்டியலில் நான்காவது பத்தி எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. அதுவரைக்கும் அவரவர் படகில் அவரவரே வரைந்துகொள்ளட்டும்.